பற்றாத திரி

கோயமுத்தூர்க்காரர் யாரிடமாவது போய், "உங்களிடம் மோட்டார் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "எத்தனை குதிரை சக்தி? கிணற்றுக்கா, ஆழ்குழாய்க்கா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்தது. 1937-ல் ஜி. டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இங்கேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். அன்று முதல் இந்த ஊரில் மோட்டார் என்றால் தண்ணீர் இறைக்கிற மோட்டார்தான். வேறு அர்த்தம் கிடையாது.

ஆகையால், ஒன்பதாவது வகுப்புப் படிக்கும் என் தங்கை மகன், "மாமா, எனக்கு ஒரு மோட்டார் வேண்டும்" என்று கேட்டபோது நான் மகிழ்ந்து போனேன். நம் வீட்டுப் பிள்ளைக்கு விவசாயத்தில் நாட்டம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"எத்தனை குதிரை சக்தி, மாப்பிள்ளை?" என்றேன்.

"குதிரை எல்லாம் இல்லை மாமா. ராக்கெட் மோட்டார்!"

கைப்பேசியில் படம் காட்டினான். அமெரிக்காவில் அவன் வயதுப் பையன்கள் ஒரு மைதானத்தில் நிற்கிறார்கள். முழ நீளத்தில் ஒரு காகித ராக்கெட். பொத்தானை அமுக்கியதும் 'விர்' என்று அது மேகத்தைத் தொடப் போகிறது. பிறகு குடை விரித்துக்கொண்டு சாதுவாக இறங்குகிறது. பார்க்க நன்றாய்த்தான் இருந்தது.

"சரி, இது இங்கே கடையில் கிடைக்குமா?" என்றேன்.

"கிடைக்காது. அதனால் நானே செய்யப் போகிறேன்" என்றான் பையன், ஏதோ காகிதக் கப்பல் செய்யப் போகிறவன் மாதிரி. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கோத்து டப்பாவை இழுத்து வைத்தான். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்காக வாங்கிய பட்டாசுகளைப் பிரித்துச் சேர்த்த மருந்து அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய்!

நேயர்களே, எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது. டப்பாவை மெள்ள எடுத்துக்கொண்டு போய் மருந்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். அப்புறந்தான் எனக்கு மூச்சு வந்தது.

திட்டியிருக்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பையனைத் திட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை நாம் வீட்டில் இல்லாதபோது மொட்டை மாடியில் செய்வான். அவ்வளவுதான். ஆகவே ஒரு பேரம் பேசினேன்: "இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாள் என்னோடு வா. நம் கொங்கு நாட்டில் ராக்கெட் சம்பந்தமான இடங்களைக் காட்டுகிறேன். திரும்பி வந்த பிறகும் இந்தக் குழாய் வேண்டும் என்று நீ சொன்னால், அப்போது பேசிக்கொள்வோம்."

"கொங்கு நாட்டில் ராக்கெட்டா?" என்று சிரித்தான். நீங்களும் சிரிக்கிறீர்கள் அல்லவா? வாருங்கள், பார்க்கலாம்.

பஸ்ஸில் நடந்த பாடம்

சனிக்கிழமை காலை காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் ஏறினோம். அன்னூர் தாண்டும்வரை பையன்தான் உபாத்தியாயர், நான் மாணாக்கன்.

அந்த ராக்கெட் மோட்டாரில் சக்கரமும் இல்லை, சுருள் கம்பியும் இல்லை. கட்டை விரல் பருமனில் ஒரு காகிதக் குழாய். அடியில் களிமண்ணால் செய்த சிறு துவாரம். உள்ளே கெட்டித்த மருந்து. மருந்து எரிந்து வாயுவாகிக் கீழே பீறிட்டால், ராக்கெட் மேலே பாய்கிறது. ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் விட்டால் ஓடுமே, அதே தத்துவந்தான். மருந்து தீர்ந்த பின் சில விநாடி புகை மட்டும் வரும். கடைசியில் 'டப்' என்று ஒரு சிறு வெடி கேட்கும். அது ராக்கெட்டின் மூக்கைத் தள்ளிக் குடையை விரித்துவிடும்.

"இதையெல்லாம் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா, மாமா? ஒரு செருப்புக் கடைக்காரர்!"

உண்மைதான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் நார்போக் என்ற ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் 1954-ல் இந்த மாதிரி ராக்கெட்டைச் செய்தார். 1957-ல் ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் நிபுணரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அந்த வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ருஷ்யா ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டது. அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது.

"அப்போது அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள், சொல்லு?" என்று கேட்டேன். பையன் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

அவன் சொல்லாததை உங்களுக்கு நான் சொல்கிறேன். தீக்குச்சி மருந்தைச் சுரண்டி, வீட்டில் கிடைத்த பொருள்களைக் கலந்து, இரும்புக் குழாயில் கெட்டித்தார்கள். பலர் விரல் இழந்தார்கள். சிலர் கண் இழந்தார்கள். உயிரே போனதும் உண்டு. இதைத் தடுக்க என்ன வழி என்று ஸ்டைன் யோசித்தார். "ராக்கெட் விடாதே" என்று சொன்னால் எந்தப் பையன் கேட்பான்? ஆகவே, "ராக்கெட் விடு, ஆனால் மருந்தை நீ தொடாதே" என்று ஏற்பாடு செய்தார். 1958-ல் வெர்ன் எஸ்டஸ் என்பவர் அந்த மோட்டாரைச் செய்வதற்கு ஓர் யந்திரமே அமைத்தார். தொழிற்சாலையில் அடைத்து முத்திரையிட்டு வரும் மோட்டார். காகிதம், லேசான மரம், பிளாஸ்டிக் இவற்றால் ஆன ராக்கெட். இரும்புக்கு அதில் இடமே கிடையாது.

"ஆக, நீ செய்யப் புறப்பட்டாயே, அதை எந்தப் பையனும் செய்யக் கூடாது என்றுதான் அந்த விளையாட்டே பிறந்தது, மாப்பிள்ளை!"

பையன் கொஞ்சம் யோசித்தான். "இரும்பு ஏன் கூடாது? கெட்டியாக இருக்குமே?"

"அதைச் சத்தியமங்கலத்தில் சொல்கிறேன்" என்றேன். பஸ் புளியம்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கணவாயில் இறங்கிய வாணங்கள்

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் அதிக தூரமில்லை. அணைக்கட்டின் அடியில் உள்ள பூங்காவில் உட்கார்ந்து வடக்கே நோக்கினால் மலைகள் நீலச் சுவராக எழுந்து நிற்கின்றன. அந்த மலையைப் பிளந்துகொண்டு மாயாறு வருகிறது. அந்தப் பக்கந்தான் கெஜலட்டிக் கணவாய். மைசூரிலிருந்து கொங்கு நாட்டுக்கு இறங்கிய பழைய படைவழி. இப்போது 2013-ல் அமைந்த புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிவிட்டது. கணவாயின் வாயிலில் காவல் இருந்த தணாயக்கன் கோட்டை, 1955-ல் கட்டி முடித்த இந்த அணையின் தண்ணீருக்குள்ளே தூங்குகிறது.

1790-ம் வருஷம் செப்டம்பரில் திப்பு சுல்தானின் சேனை அந்தக் கணவாய் வழியாக இறங்கியது. 13-ந் தேதி சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டின் ஆங்கிலப் படையோடு மோதியது. மறுநாள் பிளாய்டு கோயமுத்தூர்ப் பக்கமாகப் பின்வாங்கினார். அன்று உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஓர் ஆயுதம் மைசூர்ச் சேனையிடம் இருந்தது. அதுதான் இரும்பு வாணம்!

வாணம் சீனத்திலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. ஆனால் அவை காகிதக் குழாய்கள். மைசூர்க்காரர்கள் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலில் கட்டினார்கள். காகிதம் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். அழுத்தம் ஏற ஏற வேகம் ஏறும். ஆகவே அந்த வாணம் ஒரு மைலையும் கடந்து பறந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு வெள்ளைக்காரர்கள் அந்த வாணங்களைச் சீமைக்குக் கொண்டு போனார்கள். வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்துத் தாமும் செய்தார். 1814-ல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டை மேல் ஆங்கிலேயர் விட்டது அந்தக் காங்கிரீவ் வாணங்களைத்தான். அமெரிக்காவின் தேசிய கீதத்தில் அந்த வாணங்களின் வெளிச்சம் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. 2018-ல் கர்நாடகத்தில் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங் கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் வாணங்கள் கிடைத்தன.

"பார்த்தீர்களா மாமா! திப்பு இரும்புதானே வைத்தார்!" என்று பையன் துள்ளி எழுந்தான்.

"வைத்தார். எதற்கு? எதிரியின் மேல் விழுந்து கொல்லுவதற்கு. இரும்பு தாங்குகிற வரையில் தாங்கும். தாங்க முடியாதபோது காகிதத்தைப்போல் கிழியாது, துண்டு துண்டாகச் சிதறும். ஒவ்வொரு துண்டும் ஒரு தோட்டா. காகிதக் குழாய் கெட்டுப் போனால் கரி பூசும். இரும்புக் குழாய் கெட்டுப் போனால்?"

பையன் பதில் சொல்லவில்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் கோட்டையைத் தேடுகிறவன் போல அணையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளோட்டில் ஒரு பெரியவர்

அன்றிரவு கோபிசெட்டிபாளையத்தில் தங்கினோம். மறுநாள் காலை ஈரோடு போய், அங்கிருந்து பதினைந்து கிலோ மீட்டரில் உள்ள வெள்ளோட்டுக்குச் சென்றோம். ராக்கெட் யாத்திரையில் பறவைகள் சரணாலயம் எதற்கு என்று கேட்பீர்கள். பையனும் கேட்டான்.

சுமார் 77 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. கருவேல மரமெல்லாம் வெள்ளைப் பூப் பூத்தாற்போல் நாரைகள். நடுவிலே நீர்க்காகங்கள் சிறகை விரித்து வேட்டி உலர்த்துவதுபோல் நிற்கின்றன. கூழைக்கடாக்கள் பெரிய வீட்டுச் சம்பந்திகளைப்போல் அசைந்து அசைந்து நீந்துகின்றன. 1996-ல் சரணாலயமான இந்த ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தீபாவளிக்கு வேட்டுச் சத்தம் கேட்பதில்லை. யாரும் தண்டோராப் போட்டுத் தடுக்கவில்லை. ஊரே கூடிச் செய்துகொண்ட முடிவு.

ஏரிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏனுங்க, பட்சி பாக்க வந்தீங்களா?" என்று விசாரித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டி.

"தீபாவளிக்கு இங்கே பட்டாசே இல்லையாமே?" என்றேன்.

"கொழந்தைங்க மத்தாப்புப் புடிக்குமுங்க. அத்தோட சரி. தாய்ப் பட்சி கூட்டுல இருக்கற நேரம் பாருங்க. பக்குன்னு ஒரு சத்தம் கேட்டா, குஞ்ச உட்டுட்டு ஓடிப் போயிருமுங்க."

"உங்களுக்கும் வேட்டுச் சத்தம் பிடிக்காதாக்கும்?"

பெரியவர் சிரித்தார். "முப்பது வருசம் வேட்டு வெச்சுத்தானுங்க நான் கஞ்சி குடிச்சேன்!"

அவர் கிணற்று வேட்டுக்காரர். வாசகர்களில் காவேரிக் கரைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கும். கொங்கு நாட்டில் கிணறு என்றால் மண்ணைத் தோண்டுவதல்ல, பாறையை உடைப்பது. எண்பது அடி, நூறு அடி ஆழத்துக்குக் கருங்கல். சம்மட்டியால் தமரு அடித்துப் பாறையில் துளை போட வேண்டும். துளையில் தோட்டாவை இறக்கித் திரி வைக்க வேண்டும். திரியைக் கொளுத்திவிட்டு, அது எரிந்து முடிவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். இந்த நாட்டுத் தென்னையும் மஞ்சளும் கரும்பும் அப்படிப் பிறந்த தண்ணீரில்தான் வளர்ந்தன.

அந்தத் திரிக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் சுரங்கக்காரர்கள் வைக்கோல் குழலிலும் இறகுக் குழலிலும் மருந்தை அடைத்துத் திரியாக வைத்தார்கள். அது ஒரு சமயம் மெள்ள எரியும். ஒரு சமயம் மின்னலாய் ஓடும். எத்தனையோ பேர் மாண்டார்கள். இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் வில்லியம் பிக்போர்டு என்ற தோல் வியாபாரி இதைக் கண்டு மனம் நொந்தார். கயிறு திரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு யோசனை உதித்தது. கயிற்றின் நடுவில் மருந்தை வைத்தே முறுக்கிவிட்டால்? 1831-ல் பிறந்தது பாதுகாப்புத் திரி. ஓர் அடி எரிய அரை நிமிஷம் என்று ஏறக்குறைய ஒரே கணக்காக எரியும். ராக்கெட்டுக்கு ஒரு செருப்புக் கடைக்காரர், திரிக்கு ஒரு தோல் வியாபாரி! தோலின் அருமை அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பையன் பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். "தாத்தா, திரி கொளுத்தும்போது பயமாக இருக்காதா?"

"கொளுத்தும்போது பயமே இல்லே, கண்ணு. கொளுத்தினா வெடிக்கும். அதுக்குத்தானே கொளுத்தறோம்? பயமெல்லாம் அப்புறம்."

அவர் ஏரியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "நானும் என் தம்பியும் ஒண்ணாத்தான் வேலைக்குப் போவோமுங்க. ஒரு நாள் சாயங்காலம் அஞ்சு திரி கொளுத்திட்டு மேல வந்தோம். நான் எண்ணிக்கிட்டே நின்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது கேக்கலே. 'ரெண்டு ஒண்ணாக் கேட்டிருக்கும், அண்ணா'ன்னான் தம்பி. 'இல்லே, பொறு'ன்னேன். பொழுது எறங்குது. தோட்டத்துக்காரரு கரையில நிக்கறாரு. கல்லு அள்ள ஆளு காத்துக்கிட்டிருக்குது. ஒரு பீடி குடிக்கற நேரம் பொறுக்கலீங்க அவன்."

ஆடு ஒன்று கத்தியது. அதைத் தொரட்டியால் ஒதுக்கிவிட்டார்.

"பாதிப் படி எறங்கியிருப்பான்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புறப்படும்போது பையனின் தலையில் கை வைத்தார். "பத்தற திரி பொய் சொல்லாது, கண்ணு. பத்தாத திரிதான் பொய் சொல்லும். அதுக்கு அப்புறம் ஒரு திரி சத்தம் கொடுக்கலேன்னா, மறு நா காலையிலதான் நான் கெணத்துல கால வெப்பேன். ஊரெல்லாம் பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்!"

நிலவு மண்ணின் ஊர்

ஈரோட்டிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் பஸ்ஸில் பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே சொன்னான்: "மாமா, அமெரிக்க ராக்கெட் விளக்கப் புத்தகத்திலும் அது இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்."

"எது?"

"திரி கிடையாது, தீக்குச்சியும் கிடையாது. மோட்டாருக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். சின்ன ராக்கெட்டுக்குப் பதினைந்து அடி, பெரியதற்கு முப்பது அடி தள்ளி நின்று, பாட்டரியால் அதைச் சூடாக்க வேண்டும். சாவி போட்டால்தான் பொத்தான் வேலை செய்யும். சத்தமாக ஐந்திலிருந்து எண்ண வேண்டும். அமுக்கியும் பற்றவில்லை என்றால், முதலில் சாவியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஒரு முழு நிமிஷம் யாரும் கிட்டே போகக் கூடாது."

வெள்ளோட்டுக் கிழவனார் பீடி குடிக்கும் நேரம் என்றார். புத்தகம் ஒரு நிமிஷம் என்கிறது. இரண்டும் ஒன்றுதான்.

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. பார்த்தால் பத்தோடு பதினொன்று. பனை, வேம்பு, வெள்ளாடு. ஆனால் அங்கே வெளிர் நிறத்தில் ஒரு பாறை கிடக்கிறது. அனார்த்தோசைட் என்று பெயர். நிலவின் மேட்டு நிலங்கள் இந்த வகைப் பாறையால் ஆனவை. நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் முன்கூட்டி ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் துணை செய்ய, சித்தம்பூண்டிப் பாறையும் பக்கத்துக் குன்னமலைப் பாறையும் டன் கணக்கில் பெங்களூர் போயின. நாம் ஆடு மேய்க்கும் கல்லின் மேல் சந்திரயானின் சக்கரம் ஓடிப் பழகியது!

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோதவாடி என்ற ஊரில் பிறந்து, கோயமுத்தூர் அரசினர் பொறியியல் கல்லூரியில் படித்தவர் மயில்சாமி அண்ணாதுரை அவர்கள். 2008 அக்டோபர் 22-ல் புறப்பட்ட முதல் சந்திரயானுக்குத் திட்ட இயக்குநர் அவர்தான். ஆளும் நம் ஊர், மண்ணும் நம் ஊர்.

அந்த வெள்ளைப் பாறையில் உட்கார்ந்துகொண்டு பையனுக்கு இரண்டு கதை சொன்னேன்.

2001 மார்ச் 28. ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட். பக்கத்து என்ஜின்கள் பற்றிவிட்டன. நெருப்பும் புகையும் கிளம்பிவிட்டன. ஆனால் ஒன்று மட்டும் போதிய வேகம் காட்டவில்லை. புறப்பட ஒரே விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது! எத்தனை வருஷத்து உழைப்பு! யாரும் அவசரப்படவில்லை. கோளாறைக் கண்டு சரி செய்தார்கள். ஏப்ரல் 18-ல் அதே ராக்கெட் எழும்பியது.

2019 ஜூலை 15, பின்னிரவு. சந்திரயான்-2 புறப்பட 56 நிமிஷம் 24 விநாடி இருந்தது. நாடே விழித்திருந்தது. ஏதோ கோளாறு தெரிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, 22-ந் தேதி பகல் 2 மணி 43 நிமிஷத்துக்குச் சுகமாகப் புறப்பட்டது. அதன் இறங்கு கலம் நிலவில் மோதிப்போனதும் உண்மைதான். அதற்காகவும் அவசரப்படவில்லை. நான்கு வருஷம் பொறுத்து, 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரயான்-3 மெத்தென்று இறங்கியது.

"ராக்கெட் விடுகிறவனுக்கு முதல் படிப்பு நெருப்பு வைப்பதல்ல, மாப்பிள்ளை. நெருப்பு வைத்தும் பற்றாதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது" என்றேன். எனக்கே அது நன்றாயிருந்தது. பையன் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வீடு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

பட்டாசைப் பிரிப்பதும் மருந்தைக் கலப்பதும் விளையாட்டல்ல. 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் 2008-ம் வருஷத்து விதிகளும் உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வதைக் குற்றம் என்கின்றன. ராக்கெட் மோட்டாருக்குள் இருப்பதும் மருந்துதான். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உரசினாலே வெடிக்கும் என்பதால், அந்தக் கலவையையே 1992-ல் சர்க்கார் தடை செய்தது. ரயிலில் பட்டாசு கொண்டு போனால் மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

கடையில் வாங்கிய பட்டாசுக்கும் கிணற்று வேட்டுக்காரரின் விதிதான். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதீர்கள், மறுபடி கொளுத்தாதீர்கள். எட்ட நின்றே பொறுத்திருந்து, பிறகு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். நீண்ட ஊதுவத்தியால் கை நீட்டிக் கொளுத்துங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். பட்டாசை அடுப்பு மேடையிலும் சட்டைப் பையிலும் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மையும் பற்பசையும் மாவும் பூச வேண்டாம். காயம் பெரிதானால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அறுபது எண்ணு!

ஊர் திரும்பியதும் பையன் அந்த இரும்புக் குழாயைப் பழைய இரும்புக் கடையில் போட்டான். கிடைத்த காசில் சைக்கிள் பம்புக்கு ஒரு வாஷர் வாங்கி வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ராக்கெட் விழா. ராக்கெட் என்பது ஒரு காலி சோடா பாட்டில். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் தக்கை. தக்கையின் வழியாகச் சைக்கிள் பம்பின் காற்று. மருந்தும் இல்லை, திரியும் இல்லை. ஆனாலும் தண்ணீர் கீழே பீறிட்டால் பாட்டில் மேலே பாயும். தத்துவம் அதேதான். பதினைந்து அடி தள்ளி ஒரு கோடு கிழித்து, எல்லோரையும் அதற்குப் பின்னால் நிறுத்தினான். கொக்கியை இழுக்க நீளமாக ஒரு கயிறு கட்டியிருந்தான்.

"ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று!"

கயிற்றை இழுத்தான். கொக்கி விலகியது. பாட்டில் அசையவே இல்லை. தக்கை இறுகிவிட்டது போலும்.

"நான் போய்த் தட்டிவிட்டு வருகிறேன்!" என்று அவன் தங்கை பாய்ந்தாள்.

பையன் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துவிட்டான். "போகாதே! அறுபது எண்ணு!"

குழந்தைகள் எல்லோரும் கூச்சலாக எண்ணத் தொடங்கினார்கள். பத்து. இருபது. முப்பது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள். பையன் சிரிக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பாட்டிலையே பார்த்தபடி நின்றான்.

நாற்பத்து மூன்று என்னும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம். பாட்டில் தென்னை மரத்துக்கு மேலே போய்விட்டது. அது நின்ற இடத்தில் தண்ணீர் வாரி இறைத்திருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். பையன் மட்டும் மேலே பார்க்கவில்லை. அந்த ஈரத் தரையையும் தன் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பற்றாத திரி, மாமா" என்றான்.